மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறதே! – உடலுக்குத் திரும்பும் தியானம்: கேள்வி-பதில்

கேள்வி: 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் அலையில் சிக்கிப் பிழைத்தவள் நான். அண்மையில் தியான வகுப்பில் சேர்ந்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தவுடன் தொண்டை அடைத்து, வாயில் உப்பு கரிக்கிறது. குறை என்னிடமா?

பதில்: இல்லை, அம்மா. உங்களுக்குக் காட்டப்பட்ட வாசல்தான் பொருந்தவில்லை. நீரில் திணறியவருக்கு அந்த நாளின் நினைவு மூச்சோடு பிணைந்தே இருக்கும் என்பதால், அதை உற்றுக் கவனிக்கும்போது, ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா, என்றோ வடிந்துபோன அலை இப்போதும் வருவதாகவே எச்சரிக்கக்கூடும். ஆகவே மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, கண்களைத் திறந்தபடி, சுவரில் முதுகைச் சாய்த்து, உள்ளங்கால் தரையில் படுவதையும் மடியில் கிடக்கும் கைகளின் கனத்தையும் இரண்டு நிமிடம் மட்டும் கவனியுங்கள். படபடப்பு எழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அறையிலுள்ள ஐந்து பொருள்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள், தணிந்தால் மட்டும் பாதத்திற்குத் திரும்புங்கள். அசையாமல் இருப்பதையே தேர்ச்சியின் அளவுகோலாக்கும் ஆசிரியர்களோடு எனக்கு என்றுமே உடன்பாடில்லை. நடந்தபடியும் செய்யலாம், கடற்கரை மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: சாலை விபத்துக்குப் பின் கால்கள் என்னுடையவை போலவே இல்லை. நரம்பில் கோளாறில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். (புதுச்சேரி வாசகர்)

பதில்: தப்பவோ எதிர்க்கவோ வழியில்லாத கணத்தில் உணர்வைத் துண்டித்துக்கொள்வது உடலின் தற்காப்பு, ஆபத்து நீங்கிய பின்னும் சிலருக்கு அது விலகுவதில்லை. உணர்வு தெளிவாக உள்ள உள்ளங்கையில் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கீழே வாருங்கள். தொடையை மெல்லத் தட்டுவதும், ஈரத்துணியால் பாதத்தை அழுத்தித் துடைப்பதும் வெறும் கவனத்தைவிட எளிதில் கைகொடுக்கும். வெந்நீரானால் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

கேள்வி: 10 நாள் மௌன முகாமுக்குப் போகலாமா?

பதில்: கெட்ட கனவுகள் தொடரும்வரை வேண்டாம். பேச ஆளின்றி நாளெல்லாம் அமர்வது காயத்தைக் கிளறக்கூடும்.

கேள்வி: 2011 தானே புயலில் எங்கள் கூரை பறந்தது, 2024 ஃபெஞ்சலுக்குப் பின், காற்று இரைந்தாலே என் கணவர் எழுந்து நிற்கிறார். தியானம் என்றால் எரிந்து விழுகிறார். (கடலூர் வாசகி)

பதில்: அப்படியானால் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவதை அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே இதைப் பழக்கிவிடுவது நல்லது, ஏனெனில் காற்று இரையும் இரவில் புதிதாக எதையும் கற்க முடியாது. அவர் திடுக்கிடும் நேரத்தில் பின்னாலிருந்து தொடாதீர்கள். பெயரையோ நீங்கள் வழக்கமாக அழைக்கும் முறையையோ சொல்லி, கண்ணெதிரே வந்து நில்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் உறக்கம் கெட்டால் இப்பயிற்சி மட்டும் போதாது: புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ வேறொரு மனநல மருத்துவரையோ அணுகுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். அவர் மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே செய்யலாம்.