சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு ஏன் பொது விடுமுறை இல்லை?

முன்பு இருந்தது. 1968-இல்தான் அதை எடுத்தார்கள். பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போகின்றன, பொருளாதாரம் தாங்க வேண்டும் என்று நாடு பதறிக்கொண்டிருந்த காலம் அது. சமய அமைப்புகளோடு பேசி, பொது விடுமுறைகளை 11 ஆகக் குறைத்தார்கள். இந்துக்கள் தீபாவளி, தைப்பூசம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, தீபாவளியை வைத்துக்கொண்டார்கள்.

நாம் மட்டும் இழக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் புனித வெள்ளியையும் கிறிஸ்துமஸையும் வைத்துக்கொண்டு, ஈஸ்டர் திங்களை விட்டார்கள். "தமிழரை ஒதுக்கிவிட்டார்கள்" என்று ஆண்டுதோறும் கிளம்பும் பேச்சு அதனால் முழு உண்மையல்ல.

ஆனால் ஏக்கம் நியாயமானது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடமும் காவடியும் நள்ளிரவு தொடங்கி நாள் முழுக்க நகர்கின்றன. பலர் வருடாந்தர விடுப்பை இதற்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள். விடுப்பு கிடைக்காதவர்கள் இரவிலேயே பால்குடம் எடுத்துவிட்டு, காலையில் தூக்கமில்லாமல் வேலைக்குப் போகிறார்கள். அந்த பக்திக்கு நான் தலைவணங்குகிறேன்.

திரும்பக் கொடுப்பார்களா? கோரிக்கை பலமுறை நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு சமயத்துக்குக் கூட்டினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பதே அரசின் பதில். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தைப்பூச விடுப்பை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.