கோரிக்கைக் கடிதம் வந்த பிறகு ஒரு சிப்பும் விற்காதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கீபோர்ட் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 1987 இல் வந்த ஜப்பானியக் கீபோர்ட் ஒன்றின் ஈப்ரொம் சிப்பிலிருந்த (நிரலைச் சேமித்து வைக்கும் சிப்) நிரலைப் பிரித்துப் படித்து, அதிலிருந்த மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் முறை) பிழையைத் திருத்தினேன். சில பைட்டுகளைத்தான் மாற்றினேன். அந்தச் சிப்புகளை இசைக்குழுக்காரருக்கு விற்றேன். இப்போது அந்தக் கம்பனி சார்பில் கொழும்புச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. கம்பனி உதிரிப்பாகமே தருவதில்லை. என் கோப்பைப் பழைய பங்காளி களவாக எடுத்து வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் சேகா என்ற வீடியோ விளையாட்டுக் கம்பனியின் வழக்கில் நிரலைப் பிரித்துப் படிப்பது சரி என்றார்களே?

பதில்: உதிரிப்பாகம் தராததும் பங்காளி செய்ததும் இந்த வழக்கில் எடுபடாது. விற்ற சிப்பில் இருந்தது யாருடைய நிரல்? சில பைட்டுகளைத்தான் மாற்றினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மீதி முழுவதும் அவர்களுடையது. பழைய கருவி என்பதால் பதிப்புரிமை முடிந்துவிடாது. 1987 இல் எழுதிய நிரலுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்கு அது முடியப்போவதில்லை.

சேகா வழக்கில் (1992) எதிர்த்தரப்பான அக்கொலேட் கம்பனி, நிரலைப் பிரித்துப் படித்த பிறகு தன் விளையாட்டுகளைத் தானே எழுதியது. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் 11 ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. ஆகவே, படித்ததற்காக வாதாடலாம், விற்றதற்கு வாதாடுவது மிகக் கடினம். வாடிக்கையாளரின் சிப் செத்துப்போய், அதே நிரலை அவருடைய கருவிக்கே திரும்பப் போட்டுக் கொடுத்தால் அது வேறு கதை. பழுதான பிரதிக்குப் பதில் பிரதி எடுக்க இடம் தரும் 12 ஆம் பிரிவைக் காட்டி அதற்காக நான் துணிந்து நிற்பேன். பழைய சிப்பை மட்டும் பில்லோடு சேர்த்து வைத்திருங்கள்.

தம்பி, எனக்குப் பயம் இனி நீங்கள் செய்யப்போவதைப் பற்றித்தான். என்னிடம் வருபவர்கள் பலர் கோபத்தில் தாங்களே பதில் எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். "ஓம், எடுத்தேன், ஆனால் நீங்கள்..." என்று தொடங்கும் அந்தக் கடிதமே பிறகு எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாகிவிடும். வேறு சிலர் இரவோடிரவாகக் கணினியைத் துடைத்துவிடுகிறார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். இன்னும் சிலர் கையிலிருப்பதை மட்டும் விற்று முடிப்போம் என்று நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 178 ஆம் பிரிவு வேண்டுமென்றே மீறியவரைத் தண்டிக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். கடிதம் கையில் கிடைத்த பிறகு தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

முறைப்பாடு பொலிசுக்குப் போனால் இன்னும் மோசம். தேடுதல் ஆணையோடு வருபவர்கள் சிப் எழுதும் கருவியோடு நிற்கமாட்டார்கள். திருத்தத் தந்த கீபோர்டுகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு இசைக்குழுவின் கீபோர்ட் சான்றுப் பொருளாக நீதவான் நீதிமன்றத்தில் கிடந்தால் உங்கள் தொழில் என்ன ஆகும்? சிவில் வழக்கென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். சிப் விற்றுச் சம்பாதித்தது பஸ் செலவுக்கும் சட்டத்தரணி கட்டணத்துக்கும் காணாது.

இணங்கிப் போங்கள். பொறுப்பை ஏற்காமல், விற்பனையை நிறுத்தி, மிஞ்சிய சிப்புகளை ஒப்படைத்து, ஒரு தொகையைத் தவணையில் கட்டுவதாக உங்கள் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள். அவர்கள் சிவில், குற்றவியல் நடவடிக்கை இரண்டையும் கைவிடுவதாக எழுத்தில் தர வேண்டும். கம்பனியின் கருவிகளை இனி ஒருபோதும் திறக்கமாட்டேன் என்றொரு வாசகத்தை அவர்கள் நுழைக்கப் பார்ப்பார்கள். திருத்த வேலை இதில் அடங்காது என்ற வரியைச் சேர்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.