ஆசைக் கடிகாரத்தை வாங்கப் போனால் கை நீள மறுக்கிறது!

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். வயது 47. கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். கைக்கடிகாரம் சேர்ப்பது கல்லூரி நாட்களில் பிடித்த பைத்தியம். முதலில் வாங்கியது எச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், தினமும் சாவி கொடுக்க வேண்டும், இன்றும் ஓடுகிறது. அதிலிருந்து விமானிகளின் கடிகாரங்கள் மீது மோகம் வளர்ந்து, சுவிஸ் கடிகார நிறுவனமான ஐ.டபிள்யூ.சி.யின் 'பிக் பைலட்'டில் போய் நின்றுவிட்டது. 2002-இல் வந்த அந்த மாடலை மனப்பாடமாகச் சொல்வேன்: 12 இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணம், பக்கத்தில் இரண்டு புள்ளிகள், காந்தம் அண்டாதிருக்க உள்ளே தேனிரும்பு உறை, முழுச் சாவி ஏறினால் ஏழு நாள் ஓட்டம்.

இப்போது பணம் இருக்கிறது. கடன் இல்லை. மகள் வேலைக்குப் போகிறாள். மனைவியே, "வாங்கித் தொலையுங்கள், அந்தப் பேச்சாவது ஓயட்டும்" என்கிறாள். மைத்துனர் மட்டும், "இந்தக் காசுக்குக் கார் வாங்கலாமே மாமா" என்பார். இது முதலீடு என்று அவர் வாயை அடைத்துவிடுவேன்.

ஆனால் பெங்களூரு கடையில் ஒவ்வொரு முறையும் கட்டிப் பார்க்கிறேன். கைக்குச் சற்றுப் பெரிதுதான், அது ஒரு குறையில்லை. கார்டை எடுக்கும் நேரத்தில் ஏதோ தடுக்கிறது. சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிடுகிறேன். அன்றிரவே அதன் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன கோளாறு?

- பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள வாசகருக்கு,

கோளாறு ஒன்றுமில்லை. வீட்டாருக்குத் தெரிந்து, கடன்படாமல், சம்பாதித்த பணத்தில் வாங்குகிறீர்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைத்துனரிடம் முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட கடிகாரங்களில் பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்குபவை. இது உங்களுக்கே தெரியும். "பிடித்திருக்கிறது" என்று சொல்லக் கூசுகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த இரவு நேரப் படங்கள். ஏங்குவதும் அனுபவிப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள் என்று காட்டியவர் அமெரிக்க நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜ். மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனம் வற்றிய எலிகள் இரையைத் தேடிப் போகவில்லை. ஆனால் இனிப்பை வாயில் விட்டபோது பழையபடியே சுவைத்து நக்கின. தேடலைத் தூண்டுவது ஒன்று, சுவைப்பது வேறொன்று. உங்களுக்குத் தேடல் இருபது ஆண்டாகத் தடையின்றி நடக்கிறது. வாங்கிவிட்டால் அந்த வேலை பறிபோய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருக்கலாம்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. கைக்குப் பெரிது. அந்தக் கடிகாரத்தின் விட்டம் சுமார் 46 மில்லிமீட்டர். அதன் மூதாதை 1940-இல் போர் விமானங்களுக்காகச் செய்தது, 55 மில்லிமீட்டர்; தடித்த உடைக்கு மேல் கட்டிக்கொள்வார்கள், கையுறையோடே திருகுவார்கள். நீங்கள் அரைக்கைச் சட்டையில் பட்டறையில் நிற்பவர். மனம் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் மணிக்கட்டு ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஆசைப்பட்டவர் இருபதுகளில் இருந்த இளைஞர். கட்டப் போகிறவர் நீங்கள். அவருக்குக் கொடுத்த வாக்கு என்று எதுவும் கிடையாது.

அடுத்த முறை பெரியதோடு, 2021-இல் வந்த 43 மில்லிமீட்டர் பிக் பைலட்டையும், அதே நிறுவனத்தின் 40 மில்லிமீட்டர் விமானிக் கடிகாரமான மார்க் 20-ஐயும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு அரைமணி உட்காருங்கள். போன் பேசுங்கள், கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். எதைக் கட்டியிருக்கிறோம் என்பதே மறந்துபோகிறதோ அதை வாங்குங்கள். மூன்றும் உறுத்தினால் பணத்தை வங்கியிலேயே விட்டுவிடலாம், எச்.எம்.டி. நன்றாகத்தானே ஓடுகிறது.

வாங்கினால் மறுநாளே பட்டறைக்குக் கட்டிக்கொண்டு போங்கள், கீறல் விழுந்தால் விழட்டும். அடுத்த கடிகாரத்தின் படத்தை எத்தனையாவது நாளில் தேடத் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்களைப் பற்றி அதில்தான் எனக்கு அதிகம் தெரியவரும்.