விரட்டினால் போய்விடுவார்களா? வாசகர் கேள்வி பதில்

தெருவோரப் பாலியல் தொழில், போதை, போலீஸ் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டக் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரும் மருத்துவக் கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரும் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எங்கள் தெரு பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறது. இருட்டியதும் சில பெண்கள் வந்து நிற்கிறார்கள். புகார் கொடுத்தால் போலீஸ் வந்து விரட்டுகிறது. கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக என்ன செய்யலாம்? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

விரட்டப்பட்டவர் தொழிலை விட்டுவிடுவதில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறார். பஸ் ஸ்டாண்டில் வெளிச்சமும் நடமாட்டமும் இருக்கும். வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று நாலு வார்த்தை பேசிப் பார்க்க முடியும். ரோந்து வண்டிக்குப் பயந்து பாலத்தடிக்கோ ரயில் பாதை ஓரத்துக்கோ போனால் அந்த அவகாசம் கிடைக்காது. சட்டென்று வண்டியில் ஏறியாக வேண்டும், அடி விழுந்தால் கேட்க ஆள் இருக்காது. பிடிபட்டு அபராதம் கட்டினால், அந்தப் பணத்தை ஈடுகட்ட மறுநாள் கூடுதல் நேரம் நிற்பார். உங்கள் புகாரால் நடப்பது இவ்வளவுதான்.

எனவே ஆள் மேல் புகார் எழுதாதீர்கள், தொல்லை என்னவோ அதை எழுதுங்கள். இரவு ஒரு மணிக்குக் குடிபோதையில் சண்டை, வாசலை மறித்து நிற்கும் வண்டிகள், பெண்பிள்ளைகளிடம் 'எவ்வளவு?' என்று கேட்கும் ஆண்கள், பூங்காவில் கிடக்கும் ஊசிகள் எல்லாம் தனித்தனிப் பிரச்சினைகள். தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுதிக் கொடுத்தால் போலீசால் ஏதாவது செய்ய முடியும். 'ஒழுக்கக்கேடு நடக்கிறது' என்று ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு, மாதக் கணக்குக்கு நாலு பெண்களைப் பிடித்துக் காட்டத்தான் உதவும். வாடிக்கையாளராக வரும் ஆணைப் பற்றியும் சட்டம் பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள கட்டடத்தில் தொழில் நடந்தால், ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி, வந்த ஆணுக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். நிற்பவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராகத் தெரிந்தால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் எடுக்காதீர்கள், மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைத் தரையில் வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். இடுக்கியால் ஊசியை எடுத்து, முனை கீழே இருக்கும்படி உள்ளே போட்டுத் திருகு மூடியால் மூடி, அரசு மருத்துவமனையில் கொடுங்கள். குத்திவிட்டால் பிதுக்கவோ, வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பெண்கள் எல்லோரும் போதைக்காகத்தானே இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்?

சிலர் அப்படி வருகிறார்கள். கடன், கைவிட்ட கணவன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று வந்து, பிறகு குடிக்கப் பழகியவர்களும் உண்டு. இரவு முழுக்க நிற்க வேண்டும், பயத்தை அடக்க வேண்டும், வருகிறவன் வாங்கி ஊற்றுகிறான். போதை ஏறிய நிலையில் ஆணுறை போடச் சொல்லி வற்புறுத்த முடிவதில்லை, பணத்தையும் எண்ணி வாங்க முடிவதில்லை. எது முதலில் வந்தது என்ற விவாதம் வெளியே இருப்பவர்களுக்குத்தான் சுவாரசியம். சிகிச்சை தருபவர் கேட்க வேண்டியது வேறு: கடைசியாக எப்போது குடித்தீர்கள், இன்று இரவு தங்க இடம் இருக்கிறதா?

2022-ல் சுப்ரீம் கோர்ட் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று படித்தேன். அப்புறம் ஏன் கைது செய்கிறார்கள்? (கல்லூரி மாணவி)

நீங்கள் படித்தது பாதி உண்மை. வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில், தனியாக, சொந்த இடத்தில் இந்தத் தொழில் செய்வதைக் குற்றம் என்று நம் சட்டம் முன்பும் சொன்னதில்லை. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது அதைச் சுற்றி இருப்பவற்றை: விடுதி நடத்துவது (பிரிவு 3), அந்த வருமானத்தில் வாழ்வது (4), ஆள் பிடித்து விடுவது (5), பொது இடத்துக்கு அருகே தொழில் செய்வது (7), பொது இடத்தில் அழைப்பது (8). தெருவில் நிற்பவர் 8-வது பிரிவில் மாட்டிக்கொள்கிறார்.

புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 19.05.2022 அன்று வந்த உத்தரவில், சுப்ரீம் கோர்ட் அமைத்த குழுவின் பத்துப் பரிந்துரைகள் இடம்பெற்றன. அவற்றில் நான்கைப் பற்றி மத்திய அரசு தயக்கம் தெரிவித்தது. மீதி ஆறை அமல்படுத்தச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டது. 'விருப்பத்தோடு செய்பவர் விஷயத்தில் போலீஸ் தலையிடக் கூடாது', 'ரெய்டில் பெண்களைக் கைது செய்யக் கூடாது' என்று செய்திகளில் பெரிதாக வந்தவை அந்த நான்கைச் சேர்ந்தவை.

அமலுக்கு வந்தவையும் சாதாரணமானவை அல்ல. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது. முன்பு கைப்பையில் ஆணுறை இருந்தாலே பிடிபடலாம் என்பதால் எடுத்துப் போகவே பயந்தார்கள், நோய் பரவ அதுவும் ஒரு காரணம். போலீஸ் வசைபாடவோ அடிக்கவோ கூடாது. ஊடகங்கள் முகத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்ற பெண்களைப் போலவே உடனடி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். காப்பகங்களில் விருப்பமின்றி அடைக்கப்பட்ட வயது வந்த பெண்களை விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவர்கள் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றிதழை வைத்து ஆதார் பெறலாம்.

நான்காவது பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரகர்களைப் பிடிக்க எழுதியதுதான், ஆனால் 'பதினெட்டு வயது தாண்டிய எவரும்' என்று எழுதியிருப்பதால், சம்பாத்தியத்தில் சாப்பிடும் வயதான தாய்க்கும் கல்லூரி போகும் மகனுக்கும் அது பொருந்தும். திருத்தியிருக்க வேண்டிய பிரிவு, இன்னும் அப்படியே இருக்கிறது.

என் அக்காவை இரவில் போலீஸ் பிடித்துப்போய், 'ஒப்புக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டுப் போ' என்றார்கள். கட்டிவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

வக்கீலிடம் பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். 8-வது பிரிவில் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு முடிந்ததாகத் தோன்றினாலும் அது தண்டனையாகப் பதிவாகிறது. அடுத்த தடவை ஒரு வருடம் வரை போகலாம். அதைவிட மோசம் 10-ஏ பிரிவு. 7 அல்லது 8-வது பிரிவில் தண்டிக்கப்பட்ட பெண்ணைச் சிறைக்குப் பதிலாகத் திருத்த இல்லத்தில் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஐந்நூறு ரூபாயில் ஆரம்பித்த கதை அங்கே போய் முடிந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

முதலில், என்ன பிரிவில் கைது என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்வதும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தருவதும் போலீசின் கடமை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்ய விசேஷக் காரணம் வேண்டும், பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். கைது ஆன 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் கைது செய்யும் அதிகாரம் பொதுவாக இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரிக்கு, அல்லது அவர் உத்தரவில் செயல்படுபவருக்குத்தான் உண்டு. வீட்டில் சோதனை என்றால் குறைந்தது இரண்டு பெண் போலீசார் உடன் வர வேண்டும்.

நடைமுறையில் சறுக்குவது எங்கே தெரியுமா? எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். படித்துப் பார்க்காமல் அக்கா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். அக்காவை அடித்திருந்தால் மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போதே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் 'அப்போதே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வி வரும்.

கணவர் குடியை விட மறுக்கிறார். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை இருக்கிறதாமே?

இருக்கிறது, கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது டைசல்ஃபிரம். குடிக்காதவர் தெரிந்தே சாப்பிட்டால், குடித்தால் என்ன ஆகும் என்ற பயம் அவரைக் காக்கும். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் குடிப்பார். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். விளம்பரத்தில் வரும் 'மூலிகைப் பொடி'யில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. கைநடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். இல்லாத ஆள் தெரிவது, காய்ச்சல், குழப்பம் இரண்டு முதல் நான்கு நாளில் வரும். இந்த நாட்களில் அரசு மருத்துவமனையில் இருப்பதே நல்லது. தயமின் (வைட்டமின் பி-1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள்.

மகன் கஞ்சாவில் ஆரம்பித்து இப்போது ஹெராயின் ஊசி வரை போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ குறைந்த அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த அடிமைப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்குத் தொடர மாட்டார்கள். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம், எனவே சேர்ந்த நாளிலிருந்து எல்லாச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஹெராயினில் 'குறைந்த அளவு' என்பது 5 கிராம், கஞ்சாவில் ஒரு கிலோ.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டக் கூடாது, கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. அவர் விருப்பமின்றிச் சேர்ப்பதானால் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும், முதல் சேர்க்கை 30 நாளைத் தாண்டக் கூடாது. 'ஆறு மாதப் பேக்கேஜ், வீட்டுக்கே வந்து தூக்கிப் போவோம்' என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். வழி தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-ல் கேளுங்கள்.

ஊசி போடுபவருக்கு, ஹெராயினுக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையை அரசு மாற்று மருந்து மையங்களில் தருகிறார்கள். ஹெராயின் எடுத்த சூட்டோடு அதைப் போட்டால் வலி, வாந்தி, பேதி ஒன்றாய்த் தாக்கும். நடுக்கமும் கொட்டாவியும் தொடங்கும் வரை பொறுத்துத்தான் முதல் மாத்திரை. சில நாளில் நிறுத்தச் சொல்லி அவசரப்படாதீர்கள், மாதங்கள் ஆகலாம்.

வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் அதிகக் கவனம் வேண்டும். உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை ஒரு தடவை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தட்டினாலும் எழாவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு முறை மூச்சு கொடுங்கள். மருத்துவமனையில் ஹெராயினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து 'வீட்டுக்குப் போகலாம்' என்பார். விடாதீர்கள். அந்த மருந்தின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும், அப்போது மறுபடி மயங்கலாம்.