ஐரிஸ் இலையை ஆகஸ்டில் வெட்டலாமா?

கேள்வி: ஐயா, வீட்டு முன்பக்கத்தில் நாலு வருசமாகத் தாடி ஐரிஸ் நிற்கிறது. இந்த முறை பூ குறைவு. மண்ணை மூடப் புதிதாக மல்ச் எல்லாம் போட்டும், இலை நுனி காய்ந்து, ஓரம் கடித்த மாதிரிப் பழுப்புக் கோடு விழுகிறது. பக்கத்து வீட்டம்மா ஆகஸ்டில் இலையைக் கத்தரித்துவிடுவார். நானும் வெட்டட்டுமா? கடையில் தந்த உரத்தைப் போடலாமா?
– வாசகி, மார்க்கம், ஒன்ராறியோ

பதில்: பச்சை இலையை வெட்டாதீர்கள் அம்மா. அடுத்த வருசப் பூவுக்கான சாப்பாட்டை அதுதான் கிழங்கில் சேர்க்கிறது. காய்ந்த நுனியைக் கிள்ளினால் போதும். கிழங்கைப் பிரித்து நடும்போதுதான் இலையை அரையடிக்கு வெட்டுவார்கள். வேர் அறுந்த செடி முழு இலையையும் தாங்காது. அதைப் பார்த்துவிட்டு, நடாதவர்களும் கத்தரிக்கோல் எடுக்கிறார்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பழுப்புக் கோட்டைப் பற்றி. துளைப்பான் புழுவாக இருக்கலாம். வசந்தத்தில் இலைக்குள் புகுந்து, தின்றபடியே இறங்கி, ஜூலைக்குள் கிழங்கைக் குடைந்துவிடும். கிழங்கை விரலால் அழுத்துங்கள். இஞ்சி போலக் கெட்டியாக இருந்தால் சரி. கொழகொழவென்று அமுங்கி நாறினால் தோண்டுங்கள்; நாலு வருசத்தில் எப்படியும் பிரிக்க வேண்டியதுதான். அழுகலை வெட்டி எறிந்து, வெட்டுவாயை நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டு, கிழங்கின் முதுகில் வெயில் படும்படி வேறிடத்தில் நடுங்கள். மண்ணில் பழுப்பாகக் கூட்டுப்புழு கிடந்தால் நசுக்குங்கள்.

இப்போது மல்ச். மூட்டை மூட்டையாக விற்கிறார்களே, அந்தச் சாயம் போட்ட மரத்துண்டு, அதை இன்றைக்கே வாரி எடுங்கள். நம் ஆட்களுக்கு வெறும் மண் தெரிந்தால் பொறுக்காது. கியூபெக்கின் மாகாணப் பூவான நீல ஐரிஸ் சதுப்பில் நிற்கும். தாடி ஐரிஸுக்கு முதுகு காய வேண்டும், மூடினால் அழுகும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு மூட்டை போக வேண்டும்.

செப்டம்பரில் அந்தத் துளைப்பான் புழுவே அந்துப்பூச்சியாகி வந்து இலையடியில் முட்டையிடும். முட்டை பனிக்காலத்தைக் காய்ந்த சருகில் கழிக்கும். அதனால் நல்ல உறைபனி விழுந்தபின் இலையை ஒட்ட வெட்டி, சருகோடு பையில் கட்டி அனுப்பிவிடுங்கள்; உங்கள் கம்போஸ்டில் போடாதீர்கள். மருந்து தேடி அலைய வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலான பூச்சிமருந்துகள் 2009 முதல் தடை.

உரப்பையில் மூன்று எண் இருக்கும். முதல் எண் பெரிதென்றால் தழைச்சத்து அதிகம்: இலை கொழுக்கும், கிழங்கு அழுகும். பில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் புல்லுக்குப் போடுங்கள்.