முன்பல் முளைக்கப் பிந்துகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மேல் முன்பல் ஒன்று முளைத்து ஒரு வருடமாகிறது. பக்கத்தில் பாற்பல் விழுந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. நெல்லால் முரசைக் கீறினால் பல் வரும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: வேண்டாம் அம்மா. கீறினால் புண்ணாகிக் கிருமிதான் தொற்றும். எலும்புக்குள் நிற்கும் பல்லுக்கு அது எட்டாது.

மேல் நடுப்பற்கள் வழமையாக 7, 8 வயதில் முளைக்கும். எல்லாப் பற்களுமே கொஞ்சம் பிந்தினால் அது பரம்பரையாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் வந்து 6 மாதம் கடந்தும் மறுபக்கம் வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. உள்ளே மேலதிகப் பல்லொன்று வழியை மறித்து நிற்பதே இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். சின்ன வயதில் விழுந்து பாற்பல்லில் அடிபட்டிருந்தால், உள்ளேயிருக்கும் பல் வளைந்தும் போயிருக்கலாம். அப்படி விழுந்ததுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்; வைத்தியர் கட்டாயம் கேட்பார்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். தேவையானால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மறிக்கும் பல்லை அகற்றி, இடம் போதாவிட்டால் கம்பி போட்டு இடமெடுத்தால், பல் பெரும்பாலும் தானாகவே இறங்கும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். 10 வயதளவில் வேர் முற்றிவிட்டால் அந்த வேகம் குறைந்துவிடும். இந்தப் பாடசாலை விடுமுறையிலேயே கூட்டிப் போங்கள்.