பருவம் கெட்டுப்போன வருஷத்தில் ஒயின் ஆலை எப்படிச் சமாளிக்கும்? சர்க்கரை சேர்த்துச் சரிக்கட்டிவிடுவார்களா?

சர்க்கரை சேர்ப்பது உண்டுதான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போட்டால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். பிரான்சின் பல பகுதிகளில் வரம்போடு அனுமதி உண்டு, கலிபோர்னியாவில் கிடையாது. ஆனால் அதனால் ஏறுவது போதை மட்டுமே. பழுக்காத திராட்சைப் பழத்தின் பச்சை வாடை அப்படியே இருக்கும்.

ஒயின் ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உண்மையான தலைவலி பழம் வெட்டும் தேதிதான். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் நீரை உறிஞ்சி ஊதும், சாறு நீர்த்துப்போகும், தோல் வெடிக்கும், வெடிப்பில் சாம்பல் பூஞ்சை ஏறும். காத்திருந்தால் இனிப்பு கூடலாம், குலையே அழுகவும் செய்யலாம். சர்க்கரை அளவைக் கருவி சொல்லிவிடும். மற்றதற்கு வாய்தான். பழத்தை மென்று, தோலைத் துப்பாமல் அரைத்து, விதையைக் கடித்துப் பார்ப்போம். விதை பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் நல்லது. பச்சையாக இருந்து கசந்தால், சர்க்கரை எவ்வளவு காட்டினாலும் நல்ல சிவப்பு ஒயினுக்கு ஆகாது.

அப்போது திட்டத்தையே மாற்ற வேண்டியதுதான். புளிப்பு தூக்கலான பழத்தை முன்கூட்டியே வெட்டி ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயினாகவோ நுரைக்கும் ஒயினாகவோ ஆக்கலாம். சாறு நீர்த்திருந்தால், நொதிக்கும் முன் கொஞ்சம் வடித்துவிட்டு மீதியைத் தோலோடு ஊறவிட்டால் நிறமும் திடமும் கூடும். அழுகலைப் பொறுக்கி எறிய ஆட்கூலி எகிறும், வேறு வழியில்லை.

காட்டுத்தீப் புகை இன்னும் மோசம். புகையின் சேர்மங்கள் பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். சாறு சுத்தமாக ருசிக்கும், நொதித்த பிறகு சாம்பல் வாடை கிளம்பும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு வாளிப் பழத்தைத் தனியாக நொதிக்கவிட்டு முகர்ந்து பார்ப்பார்கள். 2020 தீயின்போது கலிபோர்னியாவில் பலர் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள்.

ஷாம்பெயின்காரர்களுக்கு ஒரு வசதி: நல்ல வருஷத்து ஒயினைச் சேமித்து வைத்து மோசமான வருஷத்ததோடு கலப்பார்கள். பிரான்சின் சோட்டேர்ன் பகுதியில் பேர்போன ஷத்தோ டிக்கெம் ஆலை 2012ஆம் ஆண்டு ஒயினையே வெளியிடவில்லை. கடனில் ஓடும் சின்ன ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. தன் பெயர் ஒட்டாமல் மொத்த விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த பருவத்துக்குப் பணம் புரட்டும்.